துருப்பிடித்த தாங்கிகளும் ஒத்திவைக்கப்படும் திருத்தங்களும்

திருகோணமலை எண்ணெய்க் குதங்கள் யாருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்ற கேள்வி இந்நாட்டின் அரசியல் மேடைகளில் இரு தசாப்தங்களுக்கும் மேலாக ஓயாது ஒலித்து வருகின்றது. 2003 ஆம் ஆண்டில் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனம் சீனன்குடாவில் காலடி வைத்தபோதும், 2022 ஜனவரியில் 99 குதங்களும் பங்கிடப்பட்டபோதும், 2025 ஏப்ரல் 5 ஆம் திகதி இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு எமிரேட்ஸ் ஆகிய மூன்று நாடுகளும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கையில் கைச்சாத்திட்டபோதும் எழுந்த வாதப் பிரதிவாதங்கள் பெரும்பாலும் இறைமை பற்றியனவாகவும் பூகோள அரசியல் பற்றியனவாகவுமே அமைந்தன. அவை முக்கியமானவை என்பதில் எமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும், அந்தக் குதங்களின் உருக்குத் தகடு இன்று எத்தனை மில்லிமீற்றர் தடிப்புடன் எஞ்சியிருக்கின்றது என்ற கேள்வியை எந்த மேடையிலும் எவரும் உரத்துக் கேட்டதாக எமக்கு நினைவில்லை.

சீனன்குடாவிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் வாழ்கின்ற மக்களைப் பொறுத்தவரை அதுவே முதற் கேள்வியாக இருக்க வேண்டும். பிரித்தானியர் தமது கடற்படைக்காக அமைத்த குதங்கள் அவை. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது அவற்றுள் ஒன்று எரிந்து அழிந்தது. எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை பல தசாப்தங்களாக எவ்விதப் பயன்பாடுமின்றி, காடு மூடி, வாடைக்காற்றின் உப்பையும் மாரி மழையையும் தாங்கியவாறு நின்றுவந்தன. இன்றைய பங்கீட்டின்படி கீழ்ப்பகுதியில் உள்ள 14 குதங்கள் லங்கா ஐ.ஓ.சி. வசமும், மேற்பகுதியில் 24 குதங்கள் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் வசமும், 61 குதங்கள் கூட்டுத்தாபனம் 51 வீதப் பங்கை வைத்திருக்கும் கூட்டு நிறுவனத்தின் வசமும் இருக்கின்றன. இவற்றைப் 'புனரமைத்தல்' என்ற ஒரு சொல் எல்லா ஒப்பந்தங்களிலும் அறிக்கைகளிலும் காணப்படுகின்றது. அந்தச் சொல்லுக்குள் அடங்கியிருப்பது என்ன என்பதையே நாம் இங்கு ஆராய விரும்புகின்றோம். பழைய தாங்கியொன்றைத் திருத்துவது வெறுமனே பொறியியலாளரின் வேலையென்று கருதி ஏனையோர் ஒதுங்கிக் கொண்ட இடங்களில் என்ன நேர்ந்தது என்பதற்கு உலகில் போதிய சான்றுகள் உள்ளன.

உருக்குத் தாங்கியொன்று துருப்பிடிப்பது எல்லா இடத்திலும் ஒரே விதமாக நிகழ்வதில்லை. வெளிச்சுவரில் தெரியும் செந்நிறப் படலம் பார்ப்பவர் கண்ணை உறுத்துமே தவிர, பெரும்பாலும் அதுவே அபாயம் அல்ல. அபாயம் இரண்டு இடங்களில் ஒளிந்திருக்கின்றது. ஒன்று அடித்தட்டு. அதன் கீழ்ப்பக்கம் ஈரமண்ணுடன் தொட்டுக்கொண்டிருப்பதால் அடியிலிருந்து அரிப்பு ஏறுகின்றது. மேற்பக்கத்திலோ, எண்ணெயிலும் இரசாயனத்திலும் கலந்து அடியில் தேங்கும் நீர் குழிகுழியாகத் தின்னுகின்றது. தாங்கியைக் காலி செய்து உள்ளே இறங்கினாலன்றி இதனை முழுமையாக அறிய முடியாது. மற்றையது கூரை. ஆவியும் ஈரமும் கலந்து உட்புறமாகவே கூரைத் தகட்டை மெலிவிக்கின்றன. மேலே ஏறி நடப்பவரின் காலடியில் தகடு உடையும்வரை அது தெரியவருவதில்லை.

சல்பூரிக் அமிலத்தின் கதை இன்னும் விசித்திரமானது. செறிந்த அமிலத்தைச் சாதாரண உருக்குத் தாங்கியிலேயே வைக்கலாம் என்பது பலருக்கு வியப்பளிக்கக்கூடும். அமிலம் முதலில் உருக்கைத் தாக்கி இரும்புச் சல்பேற்றுப் படலமொன்றை உண்டாக்குகின்றது. அந்தப் படலமே பின்னர் உருக்குக்குக் கவசமாகி விடுகின்றது. ஆனால் காற்றின் ஈரப்பதன் உள்ளே நுழைந்து அமிலம் சற்று ஐதாகினாலோ, நிரப்பும் குழாயின் வேகம் படலத்தைக் கழுவிவிட்டாலோ, கவசம் கரைந்து தாக்குதல் மீண்டும் தொடங்கிவிடும். அப்போது ஐதரசன் வாயுவும் வெளியேறுகின்றது. ஆகவே அமிலத் தாங்கியில் விழும் ஒரு சிறு துவாரம் அமிலத்தை வெளியே விடுவதற்கு முன்னரே ஈரத்தை உள்ளே விடுகின்றது. துவாரமே அடுத்த துவாரத்துக்குத் தாயாகின்றது.

இத்தனையும் அறிந்த விடயங்கள். அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தின் 653 ஆம் இலக்கத் தரநியமம் இவற்றுக்கென்றே எழுதப்பட்டது. பாவனையிலுள்ள தாங்கியின் வெளிப்புறத்தைத் தகுதிபெற்ற பரிசோதகர் ஒருவர் 5 ஆண்டுகளுக்கு ஒரு தடவையேனும் முறையாகப் பரிசோதிக்க வேண்டும் எனவும், அரிப்பின் வேகத்தைக் கணித்து உட்பரிசோதனைக்கான காலத்தை நிர்ணயிக்க வேண்டும் எனவும் அது கூறுகின்றது. கசிவைக் கண்டறியும் ஏற்பாடோ உட்பூச்சோ இல்லாத தாங்கியின் அடித்தட்டு, அடுத்த உட்பரிசோதனை வரும்வரை 2.5 மில்லிமீற்றருக்குக் குறைந்துவிடக் கூடாது என்பதும் அதன் விதிகளுள் ஒன்று. கழியொலி அலைகளைச் செலுத்தித் தகட்டின் தடிப்பை அளக்கும் கருவி ஒருவர் கையில் அடங்கிவிடக் கூடியது. கணக்கும் பாடசாலை மாணவனின் கணக்கே. 8 மில்லிமீற்றர் தகடு ஆண்டுக்கு அரை மில்லிமீற்றர் தேய்கின்றதென்றால், அது இன்னும் எத்தனை ஆண்டுகள் தாங்கும் என்பதைக் கணிக்கப் பட்டம் எதுவும் தேவையில்லை. அப்படியாயின் தாங்கிகள் ஏன் உடைகின்றன?

அமெரிக்காவின் டெலவெயர் மாநிலத்தில், டெலவெயர் நகரிலுள்ள மொட்டிவா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 2001 ஜூலை 17 ஆம் திகதி நிகழ்ந்ததைப் பார்ப்போம். அங்கு சல்பூரிக் அமிலத் தாங்கிகள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு மேலாகச் செல்லும் இரும்பு நடைபாதையும் அமில ஆவியால் அரிக்கப்பட்டிருந்தது. அதனைத் திருத்துவதற்காக ஒப்பந்த நிறுவனமொன்றின் தொழிலாளர்கள் வெல்டிங் வேலையில் ஈடுபட்டிருந்தனர். தீப்பொறியொன்று பறந்தது. 393 ஆம் இலக்கத் தாங்கியிலிருந்து வெளியேறிக்கொண்டிருந்த எரியக்கூடிய ஆவி தீப்பற்ற, தாங்கி வெடித்து அடித்தட்டிலிருந்து பிய்ந்து சரிந்தது. ஒரு தொழிலாளி உயிரிழந்தார். 8 பேர் காயமடைந்தனர். 10 இலட்சம் கலனுக்கும் அதிகமான அமிலம் வெளியேறியது. அதன் ஒரு பகுதி டெலவெயர் ஆற்றில் கலந்து மீனினங்களைக் கொன்றது.

விபத்து என்ற சொல்லுக்கு இதில் இடமிருக்கின்றதா என்பதை அமெரிக்க இரசாயனப் பாதுகாப்புச் சபையின் விசாரணை அறிக்கையைப் படிப்பவர்கள் தாமே தீர்மானிக்கலாம். 393 ஆம் தாங்கியின் சுவரில் 1998 முதல் ஆண்டுதோறும் கசிவு காணப்பட்டு வந்திருக்கின்றது. ஒவ்வொரு முறையும் ஒட்டுப் போடப்பட்டது. 2001 மே மாதத்தில் கண்ட கசிவுக்கு அந்த ஒட்டும் போடப்படவில்லை. அரிப்புப் பற்றிய பரிசோதகர்கள் உட்பரிசோதனையை விரைந்து மேற்கொள்ளுமாறு மீண்டும் மீண்டும் எழுதியிருந்தனர். அது மீண்டும் மீண்டும் ஒத்திவைக்கப்பட்டது. விபத்துக்குச் சில வாரங்களுக்கு முன்னர், தாங்கிகளில் துவாரங்கள் இருப்பது ஆபத்தானது என ஊழியர் தரப்பிலிருந்தே எழுத்துமூல அறிக்கையொன்று சமர்ப்பிக்கப்பட்டிருந்தது. அதற்கும் மேலாக, புதிய அமிலத்துக்கென அமைக்கப்பட்ட அந்தத் தாங்கி, பயன்படுத்தப்பட்ட அமிலத்தைச் சேமிப்பதற்கு மாற்றப்பட்டிருந்தது. பயன்படுத்தப்பட்ட அமிலத்தில் எரியக்கூடிய ஐதரோகாபன்கள் கலந்திருக்கும். அதனால் தீப்பற்றாமல் தடுப்பதற்குக் காபனீரொட்சைட்டு வாயுவைத் தாங்கிக்குள் செலுத்த வேண்டியிருந்தது. அந்த வாயு எவ்வாறு செலுத்தப்பட்டது தெரியுமா? கூரையில் துருவினால் விழுந்திருந்த துவாரமொன்றினூடாக ஒரு குழாயைச் செருகி விட்டிருந்தார்கள். ஓட்டையைத் திருத்த வேண்டியவர்கள் அந்த ஓட்டைக்கே உபயோகம் கண்டுபிடித்திருந்தனர்.

இறந்த தொழிலாளி அந்த ஆலையின் ஊழியர் அல்லர் என்பதை நாம் அழுத்திக் கூற விரும்புகின்றோம். அவர் நடைபாதையைத் திருத்த வந்தவர். தாங்கியின் பரிசோதனை அறிக்கைகள் அவர் கண்ணில் பட்டிருக்க நியாயமில்லை. அவர் கையில் இருந்தது வெல்டிங் செய்யலாம் என்ற அனுமதிப் பத்திரம் மாத்திரமே. அந்தப் பத்திரத்தில் ஒப்பமிட்டவர்களுக்கும் அந்த அறிக்கைகளை அலுமாரியில் வைத்திருந்தவர்களுக்கும் இடையில் ஓர் அலுவலகத் தூரமே இருந்தது.

சாதாரண வளிமண்டல அமுக்கத்தில் இயங்கும் சேமிப்புத் தாங்கிகள் அந்நாட்டின் தொழிற்பாதுகாப்பு விதிமுறைகளின் வலைக்குள் முழுமையாக அகப்படாத வகையில் விலக்குகள் இருந்தன என்பதும் அப்போதே வெளிச்சத்துக்கு வந்தது. டெலவெயர் மாநில சட்டசபை 2002 இல் தாங்கிகளுக்கென்றே தனிச் சட்டமொன்றை நிறைவேற்றி, அதற்கு இறந்த தொழிலாளியின் பெயரையே சூட்டியது. 2005 இல் நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 1 கோடி டொலர் தண்டம் செலுத்தியது. தாங்கியைக் காலி செய்து திருத்துவதற்கான செலவு இதில் எத்தனையில் ஒரு பங்காக இருந்திருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

டெலவெயர் தனக்குச் சட்டம் இயற்றியது. அடுத்த மாநிலங்கள் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தன. 2014 ஜனவரி 9 ஆம் திகதி காலை மேற்கு வேர்ஜினியா மாநிலத்தின் தலைநகரான சார்ள்ஸ்டன் நகரில் காற்றில் அதிமதுர வாசனை வீசுவதாக மக்கள் முறையிட்டனர். அதிகாரிகள் வாசனையைத் தொடர்ந்து சென்றபோது எல்க் ஆற்றங்கரையில் உள்ள பிறீடம் இன்டஸ்றீஸ் என்ற நிறுவனத்தின் தாங்கித் தொகுதியை வந்தடைந்தனர். நிலக்கரியைக் கழுவுவதற்குப் பயன்படும் இரசாயனம் 396 ஆம் இலக்கத் தாங்கியின் அடியிலிருந்து ஊற்றெடுத்துக்கொண்டிருந்தது. அதனைத் தடுப்பதற்கு அங்கு வைக்கப்பட்டிருந்தவை ஒரு சீமெந்துக் கல்லும் உறிஞ்சும் தூள் அடங்கிய ஒரு பையுமே. தாங்கியைச் சுற்றியிருந்த தடுப்பு மதிலும் வெடித்திருந்தது. அந்த மதிலைத் திருத்துவதற்கென 10 இலட்சம் டொலர் பணம் தனியே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்ததாகப் பின்னர் கூறப்பட்டது. பணம் ஒதுக்கப்பட்ட இடத்தில் இருந்தது. மதில் வெடித்த நிலையில் இருந்தது.

ஏறத்தாழ 10,000 கலன் இரசாயனம் வெளியேறியது. அதன் ஒரு பகுதி ஆற்றில் கலந்தது. ஒன்றரை மைல் கீழே குடிநீர் நிலையத்தின் நீரெடுப்பு வாய் இருந்தது. ஏறத்தாழ 3 இலட்சம் மக்களுக்குக் குழாய் நீரைக் குடிக்கவோ சமைக்கவோ குளிக்கவோ வேண்டாம் என அறிவிக்கப்பட்டது. சில நாட்களுக்கு அந்தத் தலைநகரில் பாடசாலைகளும் உணவகங்களும் மூடிக் கிடந்தன. பல நூறு பேர் மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவை நாடினர். விசாரணையில் தெரியவந்தது இதுதான்: தாங்கியின் அடித்தட்டில் அரிப்பினால் உண்டான இரண்டு துவாரங்கள்; இரண்டும் ஓரங்குலத்துக்கும் குறைவானவை. அந்தத் தாங்கியின் உட்புறம் அதற்கு முன்னர் பரிசோதிக்கப்பட்டதற்கான பதிவு எதுவும் கிடைக்கவில்லை.

கசிவு நிகழ்ந்து எட்டே நாட்களில், ஜனவரி 17 ஆம் திகதி, நிறுவனம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. அதன் முன்னாள் தலைவருக்கு 2016 இல் 30 நாட்கள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேற்கு வேர்ஜினியாவும் 2014 இல் தாங்கிகளைப் பதிவு செய்து பரிசோதிப்பதற்கான சட்டத்தைக் கொண்டுவந்தது. பாராட்டத்தக்க விடயம்தான். ஆனால் மறு ஆண்டே, 2015 இல், தொழில்துறையினரின் வற்புறுத்தலால் அச்சட்டம் திருத்தப்பட்டுப் பெருந்தொகையான தாங்கிகள் அதன் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டன. அதிமதுர வாசனை மறந்துபோவதற்கு ஓராண்டு போதுமாக இருந்திருக்கின்றது. இந்த விசாரணைகளை நடத்திய இரசாயனப் பாதுகாப்புச் சபையையே மூடிவிட வேண்டுமென்று 2025 இல் அமெரிக்க நிர்வாகம் தனது வரவு செலவுத் திட்ட யோசனையில் முன்மொழிந்தமையும் இங்கு நினைவுகூரத்தக்கது.

திருத்தினால் போதும் என்று எண்ணுவதற்கும் இடமில்லை. வேர்ஜினியா மாநிலத்தின் செசபீக் நகரில் 2008 நவம்பர் 12 ஆம் திகதி ஒரு திரவ உரத் தாங்கி திடீரென்று பிளந்து ஏறத்தாழ 20 இலட்சம் கலன் திரவ உரத்தைக் கொட்டித் தீர்த்தது. தறையாணிகளால் இணைக்கப்பட்ட பழைய காலத்துத் தாங்கி அது. அதன் மூட்டுக்களை வலுப்படுத்துவதற்காக மேலே தகடுகள் வைத்து வெல்டிங் செய்திருந்தனர். அந்த வெல்டிங் தரநியமத்துக்கு அமைவாக இருக்கவில்லை. அதன் தரம் முறையாகச் சோதித்துப் பார்க்கப்படவும் இல்லை. தாங்கியை ஏறத்தாழ முழு உயரத்துக்கு நிரப்பியபோது, திருத்தப்பட்ட இடமே முதலில் பிளந்தது. அந்நேரத்தில் தாங்கியில் வேலை செய்துகொண்டிருந்த இரு தொழிலாளர்கள் படுகாயமடைந்தனர். அவர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களே.

போபாலை நாம் இந்தப் பட்டியலில் சேர்ப்பதற்குத் தயங்குகின்றோம். அந்தப் பேரழிவு வேறு அளவினது, வேறு காரணங்களையும் கொண்டது. ஆனால் ஒரு விபரத்தை மாத்திரம் கூறாமல் விட முடியாது. 1984 டிசம்பர் 2 ஆம் திகதி நள்ளிரவில் யூனியன் கார்பைட் ஆலையின் 610 ஆம் இலக்கத் தாங்கியிலிருந்து நச்சு வாயு பீறிட்டபோது, அதனை எரித்து அழிப்பதற்கென்றே கட்டப்பட்ட கோபுரம் அங்கு நின்றுகொண்டுதான் இருந்தது. அதற்குச் செல்லும் குழாயின் ஒரு துண்டு அரிக்கப்பட்டிருந்ததால் கழற்றப்பட்டு, மாற்றுக் குழாய் பொருத்தப்படாமல் இருந்தது. பழைய போபாலின் குடிசைகளில் உறங்கிக்கொண்டிருந்த ஏழை மக்கள், அவர்களில் இந்துக்களும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர், அந்தக் குழாய்த் துண்டைப் பற்றி என்ன அறிந்திருப்பார்கள்?

இந்தச் சம்பவங்களில் எதிலும் அறிவு குறைவாக இருந்ததாகக் கூறுவதற்கில்லை. எங்கோ ஒரு கோப்பில், யாரோ ஒருவரின் கையெழுத்தில், தகடு மெலிந்துவிட்டது என்றோ, கசிகின்றது என்றோ, பரிசோதிக்கவே இல்லை என்றோ பதிவாகியே இருந்தது. தடையாக இருந்தது கணக்கு. ஒரு தாங்கியைத் திருத்த வேண்டுமானால் முதலில் அதனைக் காலி செய்ய வேண்டும். காலி செய்தால் அதில் இருந்ததை வைப்பதற்கு வேறு தாங்கி வேண்டும். அது இல்லாவிட்டால் உற்பத்தியை நிறுத்த வேண்டும். உற்பத்தி நின்றால் நட்டம் இந்த மாதக் கணக்கிலேயே விழும். தாங்கி உடைந்தால் ஏற்படும் நட்டமோ எந்த மாதத்தில் விழும் என்று எவருக்கும் தெரியாது. அது வரும்போது முகாமையாளர் வேறு நிறுவனத்துக்கு மாறியும் போயிருக்கலாம். ஒத்திவைக்கும் முடிவை எடுப்பவர் ஒருவர். அதற்கான விலையைக் கொடுப்பவர் இன்னொருவர். விலை கொடுப்பவர் அந்த முடிவு எடுக்கப்பட்டதையே அறியாதிருப்பதுதான் இதில் உள்ள கொடுமை.

நம்நாட்டில் இவ்வாறான பெருந்தாங்கிகள் மிகச் சிலவே என்று கூறித் தப்பித்துக்கொள்ள முடியாது. இறப்பர் தொழிற்சாலைகளில் அமோனியாவும் போமிக் அமிலமும் நீண்டகாலமாகப் பாவனையில் உள்ளன. நீர் சுத்திகரிப்பு நிலையங்களில் குளோரின் உண்டு. 2018 ஏப்ரலில் ஹொறணை, பெல்லப்பிட்டியவில் உள்ள இறப்பர் தொழிற்சாலையொன்றில் அமோனியாத் தாங்கிக்குள் ஒருவர் விழ, அவரைக் காப்பாற்றச் சென்றவர்களும் மூச்சடைத்து விழுந்து, 5 பேர் உயிரிழந்தனர். அவர்களில் அயற்கிராமத்தவர்களும் இருந்தனர். தாங்கித் திருத்தம் என்பது மனிதன் ஒருவன் தாங்கிக்குள் இறங்குவதில்தான் தொடங்குகின்றது. வாயுவை வெளியேற்றி, காற்றைச் செலுத்தி, உள்ளிருக்கும் காற்றைக் கருவியால் சோதித்து, வெளியே கயிற்றுடன் ஒருவரைக் காவல் நிறுத்திய பின்னரே எவரும் உள்ளே இறங்க வேண்டும் என்பது உலகறிந்த விதி. மீட்கச் செல்பவர்கள் பலியாவதும் உலகறிந்த உண்மை. விதி மட்டும் ஏனோ தோட்டப்புறங்களின் சிறு தொழிற்சாலைகள் வரை பயணிப்பதில்லை.

நிலத்தடியில் கலப்பது எத்தகையது என்பதை யாழ்ப்பாண மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. சுன்னாகம் மின்நிலையச் சூழலில் கிணறுகளில் எண்ணெய் மிதந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 ஏப்ரலில் மின்னுற்பத்தி நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்காக 2 கோடி ரூபாவைச் செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளிக்கப்பட்டது. குடாநாட்டுக்கு ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புக்களில் தங்கும் மழைநீரே அங்கு குடிநீர், தோட்டநீர் எல்லாம். சார்ள்ஸ்டன் மக்களுக்கு ஆறு தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் வரை சில நாட்கள் போத்தல் நீர் கொடுத்துச் சமாளிக்க முடிந்தது. நிலத்தடி நீர் அவ்வளவு விரைவில் தன்னைக் கழுவிக்கொள்வதில்லை. அடித்தட்டில் விழும் அரை அங்குலத் துவாரம் அமெரிக்காவில் ஒரு வாரப் பிரச்சினை என்றால், குடாநாட்டில் அது ஒரு தலைமுறையின் பிரச்சினை. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையை மீண்டும் இயக்க வேண்டும் என்ற கோரிக்கையை நாம் வரவேற்பவர்கள். போருக்கு முன்னர் கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் உற்பத்தி செய்து வன்னியில் பலருக்குத் தொழில் கொடுத்த நிறுவனம் அது. அங்கு முதலாவது தாங்கி எழுவதற்கு முன்னரே அதன் பரிசோதனைப் புத்தகம் யார் கையில் இருக்கப் போகின்றது என்பதைத் தீர்மானித்துவிட வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.

கப்பலில் வந்த கொள்கலனைத் தாங்கி என்று கூற முடியாதுதான். எனினும் 2021 மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் நைத்திரிக் அமிலக் கொள்கலனொன்று கசிந்துகொண்டிருந்தமை முன்கூட்டியே தெரிந்திருந்தது. கட்டாரின் ஹமாட் துறைமுகமும் இந்தியாவின் ஹசிரா துறைமுகமும் அதனை இறக்குவதற்கு இடம் கொடுக்கவில்லை. கசிவு அறியப்பட்டிருந்தது; திருத்தம் அடுத்த துறைமுகத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. கடைசியில் நீர்கொழும்பு மீனவர் அதன் விலையைக் கொடுத்தனர். 100 கோடி டொலர் இழப்பீடு வழங்குமாறு உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் கட்டளையிட்டது.

நம்நாட்டின் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டத்தின் அடித்தளம் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தில் இடப்பட்டது. குண்டுகள் திருகோணமலையில் விழுந்த அதே ஆண்டு அது என்பது தற்செயலே. அதன் பின்னர் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகாரசபை சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரங்களை வழங்கி வருகின்றது. இந்த இரண்டு ஏற்பாடுகளுக்கும் இடையில் தாங்கியின் வயது, தகட்டின் தடிப்பு, கடைசியாக உள்ளே இறங்கிப் பார்த்த திகதி, பரிசோதகர் விதந்துரைத்தும் செய்யப்படாதிருக்கும் திருத்தங்கள் ஆகிய நான்கையும் ஒரே ஏட்டில் பதிந்து, அந்த ஏட்டைத் தொழிற்சாலை மதிலுக்கு வெளியேயும் வைத்திருக்கும் ஒரு முறைமை வேண்டும். பிரதேச செயலகத்தில் ஒரு பிரதி, அருகிலுள்ள தீயணைப்புப் பிரிவில் ஒரு பிரதி, திருத்த வேலைக்கு வரும் ஒப்பந்தத் தொழிலாளியின் கையில் ஒரு பிரதி. இறுதியாகக் கூறியதே முதன்மையானது என்று நாம் கருதுகின்றோம். தான் வெல்டிங் செய்யப்போகும் இடத்திலிருந்து சில அடி தூரத்தில் உள்ள தாங்கியில் என்ன இருக்கின்றது, அதன் கூரையில் எத்தனை ஓட்டைகள் இருக்கின்றன என்பதை அறியாமல் ஒருவரை வேலைக்கு ஏற்றுவது அவரது உயிரை வைத்துச் சூதாடுவதாகும்.

இவ்வாறான ஏடுகள் பகிரங்கமானால் போட்டி நிறுவனங்களுக்கு வியாபார இரகசியம் போய்விடும் என்ற வாதம் எழலாம். தகட்டின் தடிப்பில் என்ன வியாபார இரகசியம் இருக்கின்றது என்பது எமக்கு விளங்கவில்லை. பாதுகாப்புக் காரணம் கூறப்படலாம்; குதங்கள் தாக்குதலுக்கு உள்ளான வரலாறு இந்நாட்டுக்கு உண்டு என்பதால் அதனை முற்றாகத் தள்ளிவிடவும் முடியாது. ஆயினும் துருவை மறைத்து வைப்பதால் எந்தத் தாக்குதலும் தடுக்கப்படப் போவதில்லை.

திருகோணமலைக்குத் திரும்புவோம். 61 குதங்கள் அடங்கிய கூட்டு நிறுவனத்தில் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் பெரும்பங்குதாரர்; கூட்டுத்தாபனம் அரச நிறுவனம். ஆகவே அந்தக் குதங்கள் தொடர்பான தொழினுட்ப ஆய்வுகளைக் கோருவதற்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஒவ்வொரு பிரஜைக்கும் வழி திறந்திருக்கின்றது. கேட்க வேண்டியவை அதிகமில்லை. எத்தனை குதங்களின் அடித்தட்டு இதுவரை அளக்கப்பட்டிருக்கின்றது? எத்தனைக்கு அடித்தட்டு முழுமையாக மாற்றப்படும், எத்தனைக்கு ஒட்டுத் தகடு மாத்திரம் போடப்படும்? திருத்தப்பட்ட குதம் எண்ணெய் நிரப்பப்படுவதற்கு முன்னர் முழு உயரத்துக்கும் நீர் நிரப்பிச் சோதிக்கப்படுமா? பழைய குதங்களின் அடியில் உள்ள மண் எந்த நிலையில் இருக்கின்றது? அந்தக் கேள்விகளைத் தமிழிலேயே எழுதி, கிண்ணியாவின் மீனவர் சங்கமொன்றோ சீனன்குடாவின் கிராம அபிவிருத்திச் சங்கமொன்றோ கூட்டுத்தாபனத்தின் தகவல் உத்தியோகத்தருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். சட்டப்படி 14 வேலை நாட்களுக்குள் தகவல் தரப்படுமா இல்லையா என்ற முடிவை அவர் அறிவித்தாக வேண்டும்.